நூற்றுப் பதினேழு சதவீத வாய்க்கால்

தஞ்சாவூரில் ஓர் உரக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. மென்பொருள் எழுதுகிறவர்கள் என்றால் கண்ணாடிக் கட்டடத்தில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு திரிவார்கள் என்று ஊரில் நினைப்பு. நாங்கள் யூரியா வாசத்தில் படியேறுவோம். கீழே லாரியிலிருந்து மூட்டை இறக்கினால் மேலே என் மேசையில் டீ அலம்பும். கல்யாண மண்டபங்களுக்கு முன்பதிவுச் செயலி, ஒரு ரைஸ்மில்லுக்கு மூட்டை விவரம், கீழே இருக்கிற உரக்கடைக்கே பில் போடும் ஏற்பாடு, இவைதான் எங்கள் சாதனைகள்.

அதில் என் வேலை, தகவல்களுக்கு இடம் ஒதுக்குவது. எந்த விவரம் எந்த அட்டவணையில் உட்கார வேண்டும், எது எதற்குக் கீழே வரும், எதைக் கூட்டி எதால் வகுத்தால் உண்மை வெளியே வரும் என்று பார்ப்பது. வீட்டில் இதை யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. அக்கா மட்டும், "கணக்குப்பிள்ளை வேலைன்னு சொல்லிட்டுப் போயேன், அதுக்கு ஏன் இவ்வளவு இழுக்கற" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

அக்கா வலங்கைமான் பக்கம் வாக்கப்பட்டவள். மாமா திருவாரூரில் பள்ளிக்கூட வாத்தியார். அவருக்கு நிலம் எந்தத் திசையில் இருக்கிறது என்பது மட்டும் தெரியும். உழவிலிருந்து அறுப்பு வரை அக்கா கையில்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாதிரியார் பிரசங்கம் நீண்டால் கூட, "நடவாளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க" என்று பின்வாசல் வழியாக எழுந்து போகிற துணிச்சல் அவளுக்கு மட்டும் உண்டு.

ஒரு பங்குனி மாதம், வாய்க்கால் தூர்வாரும் வேலையை ஒப்பந்தம் எடுத்திருந்த நிறுவனம் ஒன்றிலிருந்து அதன் மேலாளர் எங்கள் மாடிக்கு ஏறி வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பேசும்போது எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்காமல் தன் கைபேசியின் முகத்தையே பார்ப்பார்.

"எனக்குப் பெருசா ஒண்ணும் வேணாம் சார். போனைத் தொறந்தா ஒரு வட்டம். வட்டத்துக்குள்ள ஒரு நம்பர். மேல இருக்கறவங்க கேட்டா அப்படியே திருப்பிக் காட்டணும். அவ்வளவுதான்."

"என்ன நம்பர் சார்?"

"வேலை எத்தனை சதவீதம் முடிஞ்சிருக்குன்னு."

"முடிஞ்சிருக்கான்னு யாரு முடிவு பண்ணுவாங்க?"

"அதான் சொல்றேனே. நம்பர் சொல்லும்."

எங்கள் முதலாளி இதைக் கேட்டு மிகவும் நெகிழ்ந்துபோனார். இவ்வளவு தெளிவாகக் கேட்கிற வாடிக்கையாளர் அவருக்கு அதுவரை வாய்த்ததில்லை. நூறு சதவீதம் வந்ததும் திரையில் மேலிருந்து பூ உதிர்கிற மாதிரி ஒரு காட்சியும் இலவசமாகச் செய்து தருவதாக அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டார். பூ உதிர வைக்கவேண்டியவன் நான்.

மேலாளரோடு உட்கார்ந்து வேலைகளைப் பிரித்தேன். ஒரு வாய்க்கால் என்பது ஒரு பெரிய வேலை. அதற்குக் கீழே ஒன்பது துணைவேலைகள் வந்தன. பூமி பூஜை, பெயர்ப்பலகை நடுதல், வேலைக்கு முன் படம் எடுத்தல், பொக்லைன் வந்து சேர்தல், செடி அகற்றுதல், மண் எடுத்தல், கரை கட்டுதல், மதகுக்கு வண்ணம் பூசுதல், வேலைக்குப் பின் படம் எடுத்தல். மண் எடுப்பது ஆறாவதாகத்தான் அவர் நினைவுக்கு வந்தது. அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. முதல் மூன்றையும் அவர் மனமுவந்து சொன்னார்.

ஒன்பதும் ஒரே கனம் இல்லை என்பது யாருக்கும் தெரியும். பலகை நட அரை நாள் போதும். மண் எடுக்க வாரக்கணக்கில் ஆகும். ஆகவே ஒவ்வொரு துணைவேலைக்கும் ஓர் எடை வைத்தேன். மொத்தம் நூறு என்று வைத்துக்கொண்டால் மண்ணுக்கு அறுபது, செடிக்குப் பதினான்கு, கரைக்குப் பத்து, பொக்லைன் வருவதற்கு நான்கு, வண்ணத்துக்கு இரண்டு, பலகைக்கு மூன்று, படங்களுக்கு மும்மூன்று. பூஜைக்கு ஒன்று. முடிந்த வேலைகளின் எடையைக் கூட்டு, மொத்த எடையால் வகு. வந்தது சதவீதம். இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. கறிகாய் வாங்கப் போகிறவன் பூசணிக்காயையும் கறிவேப்பிலையையும் ஒன்றுக்கொன்று சமம் என்று எண்ணி, கறிவேப்பிலை வாங்கியவுடன் பாதிச் சந்தை முடிந்தது என்று வீடு திரும்பமாட்டான் அல்லவா, அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் எங்கள் மேலாளர் திரும்பக்கூடியவர்தான்.

முதல் வாய்க்கால்களில் பூஜை முடிந்தது, பலகை நட்டார்கள், முன் படம் எடுத்தார்கள். செயலியைத் திறந்து காட்டினேன். வட்டத்துக்குள் ஏழு என்று இருந்தது.

மேலாளர் கைபேசியைச் சாய்த்துப் பார்த்தார். எழுபதின் பூஜ்யம் ஏதாவது ஓரத்தில் ஒளிந்திருக்கிறதா என்று தேடுகிறவர் போல இருந்தது.

"ஏழா?"

"ஆமா சார். மண்ணு இன்னும் எடுக்கலையே."

"மூணு வேலை முடிச்சிருக்கோம் சார். ஒம்போதுல மூணு. அது எப்படி ஏழு ஆகும்? எங்க பையன் ஏழாவது படிக்கிறான், அவனைக் கேட்டாக்கூட முப்பத்து மூணும்பான்."

"அது எல்லா வேலையும் சமம்னு வச்சா சார்."

"சமந்தான். எல்லா வேலையும் வேலைதான? பலகை நட்டவன் வேலை செய்யலையா? அவனுக்கு வேர்க்கலையா?"

உழைப்பின் சமத்துவத்தைப் பற்றி அவர் அப்படிக் கொதித்துப் பேசி நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. முதலாளி என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"தம்பி, பெர்சன்டேஜ்னா ஏறணும். ஏறாத பெர்சன்டேஜை எவன் பாப்பான்? அவர் கேக்கறதைச் செஞ்சு குடு."

"அண்ணே, அது பொய்யில்லையா?"

"வகுத்தல் எப்படிப்பா பொய்யாகும்?"

நான் எடைகளை அழிக்கவில்லை. அட்டவணையில் எடைக்கான கட்டத்தை அப்படியே விட்டு, எண்ணை அவர்களே மாற்றிக்கொள்ளும்படி திறந்து வைத்தேன். என்றைக்காவது ஒருவர் மனசாட்சியோடு வந்து மண்ணுக்கு அறுபது போடுவார் என்று ஒரு நம்பிக்கை. வந்தார்கள், போட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஒன்று போட்டார்கள்.

அதோடு நின்றிருந்தால் அவர்களைச் சாதாரண மனிதர்கள் என்று சொல்லியிருப்பேன். ஒரு துணைவேலையை இன்னும் சில துண்டுகளாகப் பிரிக்கலாம் என்பதை மேலாளர் தானே கண்டுபிடித்தார். பலகை நடுதல் ஒரே வாரத்தில் ஐந்து வேலைகளாயிற்று. குழி தோண்டுதல், கம்பம் நிறுத்துதல், சிமெண்ட் போடுதல், பலகை பொருத்துதல், பலகையைப் படமெடுத்தல். பூஜை, தேங்காய் வாங்குவதிலிருந்து தொடங்கியது. மதகு வண்ணம் முதல் பூச்சு, இரண்டாம் பூச்சு என்று பிரிந்தது. மண் எடுத்தலும், செடி அகற்றுதலும், கரையும் தண்ணீர் நுழைகிற தலைப்புப் பகுதி, அது போய் முடிகிற கடைமடைப் பகுதி என்று இரண்டிரண்டாக உடைந்தன, அவ்வளவுதான். எனக்கு அந்த மனிதர் மேல் ஒருவிதப் பொறாமையே வந்தது. தகவல் வடிவமைப்பு படித்தவன் நான். அதை வைத்துக்கொண்டு என்னவெல்லாம் செய்யலாம் என்று புரிந்துகொண்டவர் அவர்.

சித்திரை நடுவில் அக்கா போன் செய்தாள்.

"டேய் தம்பி, எங்க வாய்க்கால்ல போர்டு வச்சிருக்காங்கடா. கீழே ஓரத்துல உங்க கம்பெனி பேரு போட்டிருக்கு."

"ஆமாக்கா. அந்த ஆப் நாங்கதான் பண்ணினோம்."

"அப்ப மிஷினும் நீதான் அனுப்பணுமா? போர்டு வந்து எத்தினி நாளாச்சு, போர்டைப் பாத்துட்டு மாடு கூட பழகிடுச்சு."

"வரும்க்கா."

"எப்ப? நான் நாத்து விடணும்டா. நம்ம போர்ல வர்ற தண்ணி நாத்தங்காலுக்குத்தான் காணும். நடவுக்கு ஆத்துத் தண்ணி வந்தாத்தான் உண்டு. வாய்க்கால் வெட்டலேன்னா நான் நாத்தை வச்சு என்ன பண்றது, மாலை கட்டிப் போட்டுக்கறதா?"

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். அக்கா முன்னால் நடக்க, வரப்பில் நான் தடுமாறிக்கொண்டே பின்னால் போனேன். வாய்க்கால் கடைமடையில் முடிகிற இடம் அவள் வயலுக்கு அருகில்தான். வாய்க்கால் என்று அவள் சொன்னதால் தெரிந்தது. இல்லாவிட்டால் காட்டாமணக்கு பயிர் செய்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பேன். இடுப்பளவுக்கு மண் மேவி, அதன் மேல் செடி ஆள் உயரம் நின்றது. அந்தப் புதருக்கு நடுவில் ஒரு மதகு, நீலமும் வெள்ளையுமாகப் புது மணப்பெண் போலப் பளபளத்தது. கரையில் பலகை நிமிர்ந்து நின்றது.

"காட்டு பாப்போம்" என்றாள் அக்கா.

கைபேசியில் அந்த வாய்க்காலைத் திறந்து காட்டினேன். வட்டத்தில் எழுபத்தொன்று.

அவள் கைபேசியைப் பார்த்தாள். புதரைப் பார்த்தாள். மறுபடி கைபேசியைப் பார்த்தாள்.

"எழுவத்தொண்ணு முடிஞ்சிடுச்சா?"

"மேல தலைப்புப் பக்கம் கொஞ்சம் மண்ணு எடுத்திருக்காங்க. அப்புறம் பூஜை, போர்டு, பெயிண்டு..."

"அப்ப மிச்சம் இருவத்தொம்போதுதான் வாய்க்காலு."

"அப்படித்தான் வருது."

"நீ இதுக்குத்தான் காலேஜு போய்ப் படிச்சியா?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். வீட்டுக்கு வந்து மீன் குழம்பும் சோறும் போட்டாள். சாப்பிட்டு முடிக்கும் வரை மாமா எடைகளைப் பற்றி ஆர்வமாக விசாரித்துக்கொண்டிருந்தார். அவர் பள்ளிக்கூடத்திலும் இதேபோல ஒரு வட்டம் வந்திருக்கிறதாம், பாடம் நடத்தினால் ஏறாதாம், நடத்தியதாகப் பதிவு செய்தால்தான் ஏறுமாம். இருவரும் அதைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தபோது அக்கா பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே எடுத்து வைத்தாள்.

அந்த வாரம் கும்பகோணம் சாலையில் இருந்த மேலாளரின் அலுவலகத்தில் ஆய்வுக் கூட்டம் நடந்தது. நானே பேச்சை எடுத்தேன். அந்த வாய்க்காலில் கடைமடைப் பக்கம் ஒரு கூடை மண் கூட எடுக்கவில்லை, நான் நேரில் பார்த்தேன் என்றேன்.

"அங்க மிஷின் போகாது சார். வழியில ஒரு சின்னப் பாலம், அதுல ஏறாது" என்றார் மேலாளர்.

"வயல் காஞ்சுதானே கிடக்கு. வயல் வழியா இறக்கலாமே."

"அதெல்லாம் நீங்க சொல்லக்கூடாது. நீங்க ஆப்பு." ஆப் என்பதை அவர் அப்படித்தான் உச்சரிப்பார். "சரி, ஒரு வேலை செய்யவே முடியாதுன்னு தெரிஞ்சா அதை எடுத்துடறதுக்கு வழி இருக்கா?"

இருந்தது. அதை நான்தான் வைத்திருந்தேன், தப்பான எண்ணத்திலும் வைக்கவில்லை. ஒரு வேலை தேவையில்லாமல் போனால் அதை ரத்து என்று குறிக்கலாம். ரத்தான வேலையை முடிந்ததிலும் சேர்க்கக் கூடாது, மொத்தத்திலும் சேர்க்கக் கூடாது. கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், நாதஸ்வரம் வராததால் கல்யாணம் பாதியில் நிற்கிறது என்று கணக்கு காட்டக் கூடாது பாருங்கள். உலகம் முழுக்க இப்படித்தான் செய்வார்கள். நியாயமான விதி.

"இருக்கு சார். ஆனா அது தேவையில்லாத வேலைக்குத்தான்."

"செய்ய முடியாத வேலை எதுக்கு சார் தேவை?" என்றபடி அவர் கட்டைவிரலால் தட்டினார். கடைமடை செடி அகற்றுதல், ரத்து. கடைமடை மண் எடுத்தல், ரத்து. கடைமடைக் கரை, ரத்து. பின் படமும் வண்ணத்தில் மிச்சமிருந்த ஒரு பூச்சும் அதோடு போயின. இருபத்தொன்பதும் மறைந்தது. எழுபத்தொன்றில் எழுபத்தொன்று. வட்டம் பச்சையாகி, நூறு என்று எழுதிக்கொண்டு, திரையில் மேலிருந்து பூ உதிர ஆரம்பித்தது.

அறையில் இருந்த எல்லோரும் கைதட்டினார்கள். எங்கள் முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பூக்களை அவர் முதல்முறையாக அப்போதுதான் பார்த்தார்.

"சார், அங்க தண்ணி போகாது" என்றேன்.

"நீங்க அந்த ஊரா?" என்று கேட்டார் மேலாளர்.

"எங்க அக்கா அங்க இருக்காங்க."

"அதான பாத்தேன்" என்று அவர் மற்றவர்களைப் பார்த்துத் தலையாட்டினார். அதற்குப் பிறகு நான் சொன்ன எதுவும் தகவலாகக் கருதப்படவில்லை, குடும்ப விவகாரமாயிற்று. படியிறங்கும்போது முதலாளி, "இனிமே கூட்டத்துல நான் பேசறேன், நீ ஸ்கிரீனை மட்டும் காட்டு" என்றார்.

ஆனியில் மேட்டூர் திறந்தார்கள். கல்லணையில் பூத் தூவினார்கள். அது நிஜப் பூ. தண்ணீர் ஆற்றில் இறங்கி, ஆற்றிலிருந்து வாய்க்காலுக்குத் திரும்பி, அக்கா ஊருக்கு மேலே இருக்கிற ஊர் வரை ஒழுங்காக வந்தது. அங்கே வெட்டாத மண்மேட்டில் முட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் பரவி, யாருக்கும் உபயோகமில்லாமல் தேங்கி நின்றது. மேலூர்க்காரர்கள் வயலில் கழுத்துவரை தண்ணீர். அக்கா வயலில் வெடிப்பு. இரண்டு ஊருக்கும் சேர்த்து வட்டம் ஒன்றுதான், பச்சை.

அக்கா போன் செய்தபோது அவள் குரலில் கிண்டல் இல்லை.

"நாத்து முத்துதுடா. நுனி மஞ்சளாயிட்டு வருது. இன்னும் கொஞ்ச நாள் விட்டா பறிச்சு மாட்டுக்குப் போட வேண்டியதுதான்."

நான் மேலாளருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. முதலாளியிடம் சொன்னேன். "நம்ம ஆப்புல தப்பு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். இல்லை என்றதும் நிம்மதியாக டீ சொன்னார்.

என்னால் உட்கார முடியவில்லை. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அக்கா ஊருக்குப் போனேன். போய்ச் சேர்ந்தபோது அங்கே நான் யோசித்துக்கூடப் பார்க்காதது நடந்துகொண்டிருந்தது. அக்கா தெருவுக்குத் தெரு போய் ஆட்களைத் திரட்டியிருந்தாள். தண்ணீர் அதிகமாகித் தவித்த மேலூர்க்காரர்களையும் விடவில்லை. "உங்களுக்கு வடியணும், எங்களுக்கு வரணும். ரெண்டும் ஒரே பள்ளந்தான்" என்று பேசி, எல்லோருமாகச் சேர்ந்து வாடகைக்கு ஒரு பொக்லைன் பிடித்திருந்தார்கள். அது எந்தப் பாலத்திலும் ஏறவில்லை. காய்ந்த வயல் வழியாக ஆடி அசைந்து நேராக வந்து வாய்க்காலில் இறங்கி நின்றது.

நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். வெட்டிப் போட்ட காட்டாமணக்கை இழுத்துக் கரையேற்றுவது எனக்குக் கொடுத்த வேலை. முதல் கட்டை இழுக்கும்போதே சேற்றில் முழங்கால் வரை புதைந்துவிட்டேன். இரண்டு பேர் வந்து என்னைப் பிடுங்கி எடுத்தார்கள். அவர்களுக்கு என்னால் ஒரு வேலை கூடியதுதான் மிச்சம். அக்கா கரையில் நின்றுகொண்டு, எடுத்த மண்ணைத் தன் வரப்பில் கொட்டக்கூடாது என்று சண்டை போட்ட பக்கத்து வயல்காரரிடம், "எங்க வரப்புல கொட்டுங்க மாமா, வாயை மட்டும் கொஞ்சம் மூடிக்கங்க" என்று சமாதானம் பேசிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மதியம் கடைசி மண்மேடு உடைந்தது. தண்ணீர் முதலில் தயங்கி, குப்பையையும் நுரையையும் முன்னால் தள்ளிக்கொண்டு, பழுப்பு நிறத்தில் உள்ளே வந்தது. ஒரு பெரியவர் இறங்கிக் காலை நனைத்துக்கொண்டார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் துடைத்தாள். வேர்வை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து பைக்கில் ஒருவர் வந்து இறங்கினார். ஒப்பந்த நிறுவனத்தின் மேற்பார்வையாளர். பாவம், அவருக்கும் மேலே யாரோ நெருக்குகிறார்கள் என்பது முகத்திலேயே தெரிந்தது. வாய்க்காலைப் பார்த்தார், ஓடுகிற தண்ணீரைப் பார்த்தார். கைபேசியை எடுத்துப் படமெடுக்க ஆரம்பித்தார்.

அக்கா பார்த்துவிட்டாள்.

"என்னங்க பண்றீங்க?"

"பின் படம்மா. வேலை முடிஞ்சதுக்கு ஒரு போட்டோ எடுத்து ஏத்தணும்."

"யாரு முடிச்ச வேலை?"

அவர் அடுத்த படத்துக்குக் கைபேசியை உயர்த்தினார். சண்டை வரப்போகிறது என்று நான் சேற்றுக் காலோடு கரையேறினேன். அக்கா சண்டை போடவில்லை. இறங்கிப் போய் அவருக்கும் வாய்க்காலுக்கும் நடுவில், தலைப்பாகைத் துண்டோடு, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எடுங்க. நல்லா எடுங்க. நானும் விழணும்."

அவர் இடது பக்கம் நகர்ந்தார். அக்காவும் நகர்ந்தாள். வலது பக்கம் போனார். அங்கேயும் அக்கா. மதகுப் பக்கமாகச் சுற்றிப் போனால் அங்கே மேலூர்க்காரப் பெண்கள் வரிசையாக வந்து நின்றார்கள். கடைசியில் அவர் எடுத்த எல்லாப் படத்திலும் தண்ணீர் கொஞ்சம், அக்கா அதிகம். எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலமே முதலாளி போன் செய்தார். குரல் நடுங்கியது.

"தம்பி, ஆப்பு ஏதோ ஆயிடுச்சுப்பா. நூத்திப் பதினேழு காட்டுது. ஓயாம பூ கொட்டிக்கிட்டே இருக்கு. நிக்க மாட்டேங்குது."

கரையில் உட்கார்ந்தபடியே யோசித்தேன். உடனே புரிந்துவிட்டது. ரத்து செய்த வேலைகளில் சிலவற்றை இப்போது படத்தோடு முடிந்ததாகக் குறித்திருக்கிறார்கள். ஆனால் ரத்தை நீக்கவில்லை. ஆகவே அவற்றின் பன்னிரண்டு சதவீதமும் முடிந்த கணக்கில் ஏறியது, மொத்தக் கணக்கில் ஏறவில்லை. மேலே எண்பத்து மூன்று, கீழே எழுபத்தொன்று. இல்லாத வேலையை முடித்துவிட்டார்கள். ரத்தான வேலையை யாராவது முடிப்பார்கள் என்று நான் நினைக்கவே இல்லை.

"அஞ்சு நிமிஷ வேலைண்ணே. சரி பண்ணிடலாம்" என்றேன்.

"சீக்கிரம் பண்ணு, மேலாளர் பாக்கறதுக்குள்ள."

மேலாளர் அதற்குள் பார்த்துவிட்டார். அரைமணி நேரத்தில் முதலாளி மறுபடி அழைத்தார். இப்போது குரலில் நடுக்கம் இல்லை.

"தம்பி, தொடாதே. அப்படியே விட்டுடு. அவருக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

ஆடியில் தஞ்சாவூரில் ஒரு மண்டபத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். மேடையில் பெரிய திரை. மேலாளர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, இலக்கை எட்டுவது எல்லோரும் செய்வது, இலக்கைத் தாண்டுவதுதான் எங்கள் பண்பாடு என்றார். திரையில் நூற்றுப் பதினேழு மின்னியது. நூற்றுக்கு மேலே ஒரு வாய்க்காலை எப்படி முடிப்பார்கள், பக்கத்து ஊரிலும் கொஞ்சம் தோண்டிவிட்டார்களா என்று அத்தனை பேரில் ஒருவர் கூடக் கேட்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஒருவர் மட்டும் பக்கத்தில் இருந்தவரிடம், "நம்மளுது ஏன் தொண்ணூத்தெட்டுலேயே நிக்குது?" என்று கடுகடுப்பாகக் கேட்டது என் காதில் விழுந்தது.

அடுத்து ஒரு படம் வந்தது. இடுப்பில் கைவைத்து, கண்ணை இடுக்கி, பார்க்கிறவரைக் கடித்துவிடுகிற மாதிரி அக்கா நின்றிருந்தாள். கீழே எழுதியிருந்தார்கள், பயன் பெற்று மகிழும் விவசாயி.

எனக்குச் சால்வை போர்த்தினார்கள். போர்த்தியவர் யார் என்றுகூட நான் பார்க்கவில்லை. வெளியே வந்ததும் அக்காவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"படத்துல சிரிக்கற மாதிரியா போட்டிருக்காங்க?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. மொறைக்கற."

"அப்பச் சரி."

நடவு பிந்தியதால் அந்தக் குறுவைச் சாகுபடியில் அவளுக்கு ஓரளவுதான் விளைச்சல் கண்டது. அறுப்பு நேரத்தில் மழையும் சேர்ந்துகொண்டது. அதையெல்லாம் காட்ட எங்கள் வட்டத்தில் இடம் இல்லை.

அந்த மழைக்காலம் முழுவதும் நான் அலுவலகத்தில் உட்கார்ந்து அட்டவணைகளைத் திருப்பிப் போட்டேன். எடையை யாரும் கைவைத்து மாற்ற முடியாது, எடுக்க வேண்டிய மண்ணின் அளவிலிருந்து அதுவே வரும். ஒரு வேலையை எத்தனை துண்டாக உடைத்தாலும் எல்லாத் துண்டும் சேர்ந்து தாய் வேலையின் எடையைத் தாண்டாது. ரத்து செய்தால் காரணம் எழுத வேண்டும், ரத்தான வேலை வட்டத்தில் கறுப்புத் துண்டாக எல்லோர் கண்ணிலும் தெரியும். கடைமடையில் தண்ணீர் நிற்கும் உயரத்தைப் பதிவு செய்யாமல் நூறு வராது. பூவை எடுத்துவிட்டேன். அதற்கு முன்பும் பின்பும் நான் செய்த வேலைகளில் ஒழுங்கானது அது ஒன்றுதான் என்பேன்.

மறு வருஷம் மேலாளர் வந்தபோது அதை அவருக்குக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். நல்ல கேள்விகள் கேட்டார். கறுப்புத் துண்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ரொம்பப் பிரமாதமா பண்ணியிருக்கீங்க சார்" என்றார். பிறகு திருச்சியில் வேறொரு கம்பெனியிடம் போய்விட்டார். அவர்கள் செயலியில் துணைவேலையும் கிடையாது, எடையும் கிடையாதாம். சதவீதத்தை நேராகத் தட்டச்சு செய்துவிடலாமாம். முதலாளி என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. பிறகு ஒரு திருமண மண்டபத்துக்காரர் வந்து, தன் சமையல்கட்டு வேலையெல்லாம் திரையில் தெரிய வேண்டும் என்றார், நாங்கள் பழையபடி பேச ஆரம்பித்தோம்.

அந்தச் சித்திரையில் அக்கா போன் செய்தாள். குரலில் ஆச்சரியம்.

"டேய், மிஷின் மொதல்ல எங்க பக்கமே வந்துடுச்சுடா. கடைமடையிலேர்ந்து ஆரம்பிச்சிருக்காங்க. என்னை நிக்கச் சொல்லி போட்டோ கூட எடுத்தாங்க."

"நின்னியா?"

"மொறைச்சுக்கிட்டு நின்னேன்."

ஆனி வந்தது, தண்ணீர் திறந்தார்கள். அக்கா வயலோரத்து வாய்க்கால் துடைத்துவிட்டாற்போல ஆழமாக, சுத்தமாக, பொட்டுத் தண்ணீர் இல்லாமல் கிடந்தது. கடைமடையில் படமெடுத்தவர்கள் அங்கிருந்து தலைப்புக்குப் போய் அங்கேயும் வெட்டிப் படமெடுத்திருந்தார்கள். நடுவில் இருந்த ஊரில் படமெடுக்க யாரும் போகவில்லை. தண்ணீர் இந்த முறை அங்கே வெட்டாத மண்ணில் முட்டி நின்றது.

விஷயம் தெரிந்து நான் அக்காவுக்குப் போன் செய்தபோது எடுத்த எடுப்பிலேயே பொக்லைன் சத்தம் கேட்டது.

"எங்கக்கா இருக்க?"

"நடு ஊர்ல வெட்டறாங்கடா. எங்க தெரு மொத்தமும் இங்கதான் நிக்குது. மாமா கூட லீவு போட்டுட்டு வந்து செடி இழுக்கறாரு."

"நானும் வரவா?"

சத்தத்துக்கு நடுவில் அவள் யாரிடமோ மண்ணை இந்தப் பக்கம் கொட்டச் சொல்லிக் கத்தினாள். பிறகு என்னிடம், "நீ வேணாம், உன்னைப் பிடுங்கி எடுக்க ரெண்டு ஆளு வேணும். சாயங்காலமா வரும்போது எல்லாருக்கும் பரோட்டா வாங்கிட்டு வா" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.